முதல் 512 பைட் போதாது: என்கிரிப்ட் செய்த வட்டின் பூட் பகுதியைப் பேக்கப் எடுப்பது எப்படி

முழு வட்டையும் என்கிரிப்ட் செய்த கணினியில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு உங்கள் கோப்புகளை நேரடியாகத் திறப்பதில்லை. வட்டின் தொடக்கத்தில் ஹெடர் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. பாஸ்வேர்டு திறப்பது அதைத்தான். கோப்புகளைத் திறக்கும் மாஸ்டர் கீ அந்த ஹெடருக்குள் இருக்கிறது. ஹெடர் அழிந்துவிட்டால் பாஸ்வேர்டு சரியாக நினைவிருந்தும் பயனில்லை. மென்பொருளை எழுதியவர்களாலும் மீட்டுத் தர முடியாது. பின்வாசல் வைக்காமல் செய்வதுதானே அதன் நோக்கம்.

"எம்பிஆரை பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன்" என்று பலர் நிம்மதியாக இருப்பது இங்கேதான் இடிக்கிறது. எம்பிஆர் என்பது வட்டின் செக்டார் 0, அதாவது வட்டின் முதல் துண்டு, மொத்தம் 512 பைட். முதல் 446 பைட்டில் பூட் கோடும் வட்டு அடையாள எண்ணும், அடுத்த 64 பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட்டில் 55 ஏஏ என்ற அடையாளம். வெராகிரிப்ட் என்ற என்கிரிப்ஷன் மென்பொருள் விண்டோஸ் வட்டை என்கிரிப்ட் செய்யும்போது, கணினியை எழுப்பும் பழைய முறையான பயாஸில், செக்டார் 0 முதல் 62 வரையிலான முதல் டிராக் முழுவதையும் தனதாக்கிக்கொள்கிறது. பாஸ்வேர்டைக் கேட்டு விண்டோஸை எழுப்பும் பூட் லோடர் அங்கே பரவிக் கிடக்கும். மாஸ்டர் கீ உள்ள ஹெடர் செக்டார் 62இல் இருக்கும். புதிய முறையான யூஈஎஃப்ஐ கணினியில் பூட் லோடர் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குப் போய்விடும். ஹெடர் மட்டும் அதே செக்டார் 62இல்தான். ஆக, 512 பைட் மட்டும் எடுத்தவர் கையில் இருப்பது பூட் கோடின் தொடக்கமும் பார்ட்டிஷன் அட்டவணையும்தான். சாவி அதில் இல்லை.

இந்த இடத்தை எது கெடுக்கும்? விண்டோஸ் ரிப்பேர் கருவியில் எம்பிஆரைச் சரிசெய்யும் கட்டளையை ஓட்டினால் செக்டார் 0இன் பூட் கோடு மாறும், 62 தப்பிக்கும். அதே எம்பிஆர் வட்டில் லினக்ஸை நிறுவி அதன் பூட் லோடரான கிரப்பைப் போட்டால் ஆபத்து அதிகம். செக்டார் 0ஐ அடுத்த இடைவெளியில்தான் கிரப் தன் இரண்டாம் பகுதியை எழுதும். அது வெராகிரிப்ட் லோடரின் மேலேயே விழும், பெரிதாக இருந்தால் 62 வரை எட்டும். சில வணிக மென்பொருள்களின் லைசென்ஸ் பூட்டுகள்கூட யாரும் பார்க்காத இடம் என்று நினைத்து முதல் டிராக்கில் எழுதியதுண்டு. யூஈஎஃப்ஐ பக்கம் வேறு தொல்லை: பெரிய விண்டோஸ் அப்டேட்டோ பயாஸ் அப்டேட்டோ வந்ததும் பூட் வரிசையில் வெராகிரிப்ட் பின்னுக்குப் போய், விண்டோஸ் லோடர் நேரே ஓடி, வட்டைப் படிக்க முடியாமல் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரையில் நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் பூட் வரிசையை மாற்றினாலே தீர்ந்துவிடும்.

ரெஸ்க்யூ டிஸ்க்

வெராகிரிப்டின் சாதாரண வால்யூமில் (என்கிரிப்ட் செய்த பார்ட்டிஷன் அல்லது கோப்பு) ஹெடரின் ஒரு நகல் வால்யூமின் கடைசியிலும் இருக்கும். சிஸ்டம் என்கிரிப்ஷனில் அந்த வசதி இல்லை. அதனால்தான் என்கிரிப்ட் செய்யும் முன்பே, ஹெடரும் லோடரும் சேர்ந்த, பூட் ஆகும் ரெஸ்க்யூ டிஸ்க்கை உருவாக்கச் சொல்லி விஸார்டு வற்புறுத்துகிறது. சரிபார்ப்பைத் தாண்டிப் போக ஒரு டிக் பெட்டியும் அங்கேயே இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

பயாஸ் முறையில் கிடைப்பது ஒரு ஐஎஸ்ஓ கோப்பு; சிடியில் எழுதலாம், பூட் ஆகும் பென் டிரைவாகவும் மாற்றலாம். யூஈஎஃப்ஐ முறையில் கிடைப்பது ஒரு ஜிப் கோப்பு. பென் டிரைவை ஃபேட்32இல் ஃபார்மட் செய்து, ஜிப்பை அதன் மேல்மட்டத்திலேயே விரித்துப் போட வேண்டும். பென் டிரைவைத் திறந்ததும் 'ஈஎஃப்ஐ' என்ற ஃபோல்டர் முதலில் தெரிய வேண்டும். ஜிப்பை விரிக்கும் மென்பொருள் தானாக ஒரு புது ஃபோல்டரை உருவாக்கி அதற்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் அந்தப் பென் டிரைவ் பூட் ஆகாது. இது தெரியவருவது பெரும்பாலும் கணினி படுத்த பிறகுதான்.

இன்னொன்று: இந்தக் கோப்பை வெராகிரிப்ட் வழக்கமாகச் சேமிப்பது உங்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில், அதாவது என்கிரிப்ட் ஆகப்போகும் அதே சி டிரைவில். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். உடனே வெளியே எடுங்கள். இரண்டு பென் டிரைவ், இரண்டு வெவ்வேறு இடங்கள். வருடக்கணக்கில் மின்சாரம் படாத பென் டிரைவை முழுதாக நம்பக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது செருகி, அதிலிருந்து பூட் செய்து, மெனு வருகிறதா என்று பாருங்கள். கணினியின் செக்யூர் பூட் வசதி தடுத்தால் பயாஸ் அமைப்பில் அதைத் தற்காலிகமாக அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

ஏற்கெனவே என்கிரிப்ட் செய்த கணினியில் ரெஸ்க்யூ டிஸ்க் தொலைந்துவிட்டதா? கணினி ஓடிக்கொண்டிருக்கும் வரை கவலையில்லை. வெராகிரிப்டின் 'சிஸ்டம்' மெனுவில் 'கிரியேட் ரெஸ்க்யூ டிஸ்க்' இருக்கிறது. இன்றே செய்துவிடுங்கள். ஒரு கணினிக்காகச் செய்த டிஸ்க் இன்னொரு கணினிக்கு உதவாது என்பதால் மேலே கணினியின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள்.

முதல் 1 மெபிபைட்டை அப்படியே நகலெடுத்தல்

ரெஸ்க்யூ டிஸ்க் இருந்தாலும் செக்டார் அளவிலான நகல் ஒன்று கைவசம் இருப்பது நல்லது. பார்ட்டிஷன் அட்டவணையே போய்விட்டால் ரெஸ்க்யூ டிஸ்க்கால் அதைத் திருப்பித் தர முடியாது. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் முதல் பார்ட்டிஷனைச் செக்டார் 2048இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய 1 மெபிபைட்டுக்குள் எம்பிஆர், ஜிபிடி (புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை), பயாஸ் முறை லோடர், ஹெடர் எல்லாம் அடங்கிவிடும்.

விண்டோஸ் ஓடும்போது எடுக்காமல், லினக்ஸ் லைவ் பென் டிரைவிலிருந்து பூட் செய்து எடுங்கள். அப்போது வெராகிரிப்ட் டிரைவர் குறுக்கே இல்லாமல், வட்டில் உள்ள பைட்டுகள் உள்ளபடியே வரும். முதலில் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையால் எது எந்த வட்டு என்று பெயரையும் கொள்ளளவையும் வைத்து உறுதிசெய்யுங்கள். அடுத்து, செக்டார்களை அப்படியே நகலெடுக்கும் 'டிடி' கட்டளை. மூலம்: பார்ட்டிஷன் எண் சேராத முழு வட்டின் பெயர்; இலக்கு: வெளிப் பென் டிரைவில் ஒரு கோப்பு; பிளாக் அளவு: 512; எண்ணிக்கை: 2048. மூலமும் இலக்கும் இடம் மாறினால் எதைக் காக்க வந்தீர்களோ அதையே அழித்துவிடும். என்டர் தட்டும் முன் இரண்டு முறை வாசியுங்கள்.

வந்த கோப்பு சரியாக 1,048,576 பைட் இருக்க வேண்டும். ஹெக்ஸ் பார்வையில் மூன்று இடங்களைப் பாருங்கள். 510ஆவது பைட்டிலிருந்து 55 ஏஏ இருக்க வேண்டும். ஜிபிடி வட்டு என்றால் 512ஆவது பைட்டிலிருந்து 'ஈஎஃப்ஐ பார்ட்' என்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். 31,744 முதல் 32,255 வரை உள்ள 512 பைட்தான் செக்டார் 62. அங்கே எந்த ஒழுங்கும் இல்லாத குப்பைபோல் பைட்டுகள் இருந்தால் நல்லது. எல்லாம் பூஜ்யமாக இருந்தால் நீங்கள் நகலெடுத்தது வேறு வட்டு, அல்லது ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது.

ஜிபிடி வட்டில் அட்டவணையின் இரண்டாம் நகல் வட்டின் கடைசி 33 செக்டார்களில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காக்க 'எஸ்ஜிடிஸ்க்' கருவியின் பேக்கப் வசதி எளிது. ஒரே சிறு கோப்பாகத் தரும். கூடவே ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுண்ட் செய்து உள்ளே உள்ளதை முழுதாக நகலெடுங்கள். விண்டோஸ் நிறுவும்போது உருவாகும் அந்தப் பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 எம்பிதான். வெராகிரிப்டின் லோடர் கோப்புகளும் அமைப்புக் கோப்பும் அங்கே தனி ஃபோல்டரில் இருக்கும். கடைசியாக எல்லாக் கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு அருகிலேயே எழுதி வையுங்கள். பிறகொரு நாள் கோப்பு கெட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

பழைய பேக்கப்பின் இரண்டு ஆபத்துகள்

பாஸ்வேர்டை மாற்றினால் மாஸ்டர் கீ மாறுவதில்லை. அதே கீ, புதிய பாஸ்வேர்டால் பூட்டப்பட்டுப் புது ஹெடராக எழுதப்படுகிறது, அவ்வளவே. எனவே பழைய ரெஸ்க்யூ டிஸ்க்கும் பழைய பாஸ்வேர்டும் ஒருவர் கையில் கிடைத்தால் உங்கள் இன்றைய வட்டையும் திறந்துவிடலாம். பாஸ்வேர்டு வெளியே கசிந்ததால் மாற்றுகிறீர்கள் என்றால், பழைய பேக்கப் அனைத்தையும் அழிக்காதவரை மாற்றியதற்கு அர்த்தமில்லை. பென் டிரைவில் கோப்பை டெலிட் செய்வதும் போதாது. ஃபிளாஷ் நினைவகம் பழைய பைட்டுகளை வேறெங்கோ வைத்திருக்கக்கூடும், பென் டிரைவையே உடைத்துவிடுவது உத்தமம். நகல் பிறர் கைக்குப் போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், வட்டை முழுதாக டிகிரிப்ட் செய்து மீண்டும் என்கிரிப்ட் செய்யுங்கள். அப்போதுதான் மாஸ்டர் கீ மாறும்.

இரண்டாவது ஆபத்து இதன் மறுபக்கம். அப்படி மீண்டும் என்கிரிப்ட் செய்த வட்டில், பழைய ரெஸ்க்யூ டிஸ்க்கிலிருந்து ஹெடரைத் திருப்பி எழுதினால் தவறான கீ உட்காரும். பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்ளும், ஆனால் தரவு குப்பையாகத்தான் வரும். அதற்குள் புதிய ஹெடர் அழிந்திருக்கும். ஒவ்வொரு மறு என்கிரிப்ஷனுக்குப் பிறகும் பழையதை ஒழித்துப் புதியதைச் செய்ய வேண்டும்.

கணினி பூட் ஆகவில்லை: எதைத் திருப்பி எழுதுவது?

எதையும் எழுதும் முன், வட்டின் இப்போதைய முதல் 1 மெபிபைட்டை வேறு பெயரில் நகலெடுத்துவிடுங்கள். கெட்டுப்போனதாக நீங்கள் நினைக்கும் ஹெடர் நல்ல நிலையில் இருக்கலாம்.

வெராகிரிப்ட் பாஸ்வேர்டு கேட்கவே இல்லையா? பூட் வரிசையைப் பாருங்கள். அதில் தீரவில்லை என்றால் ரெஸ்க்யூ டிஸ்க்கிலிருந்து பூட் செய்து, அது கேட்கும்போது பாஸ்வேர்டைக் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸ் எழுந்துவிட்டால் ஹெடர் நலம். லோடரைத் திருப்பி எழுதினால் போதும். பயாஸ் முறை டிஸ்க்கில் எஃப்8 அழுத்தினால் வரும் ரிப்பேர் மெனுவில் அதற்கான தேர்வு உண்டு. கீ டேட்டாவை, அதாவது ஹெடரை, திருப்பி எழுதும் தேர்வும் பக்கத்திலேயே இருக்கும். அவசரத்தில் இரண்டையும் செய்யாதீர்கள்.

பாஸ்வேர்டு கேட்கிறது, ஆனால் ஏற்க மறுக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விசைப்பலகையை. விண்டோஸ் எழும் முன் வரும் அந்தத் திரையில் அமெரிக்க ஆங்கில விசை அமைப்பு மட்டுமே இயங்கும். கேப்ஸ் லாக், எண் பலகையின் நம் லாக், பாஸ்வேர்டுடன் சேர்த்துக் கொடுக்கும் பிஐஎம் எண் வைத்திருந்தால் அதுவும் சரியா என்று பாருங்கள். எல்லாம் சரி, இருந்தும் மறுக்கிறது என்றால்தான் கீ டேட்டாவைத் திருப்பி எழுதுங்கள். அப்போது கொடுக்க வேண்டியது ரெஸ்க்யூ டிஸ்க்கை உருவாக்கிய நாளில் இருந்த பாஸ்வேர்டு, இன்றையது அல்ல. பின்பு பூட் செய்யும்போதும் அந்தப் பழையதுதான் செல்லும்.

பாஸ்வேர்டை ஏற்ற பிறகு விண்டோஸ் படுத்துக்கொள்கிறது என்றால் ஹெடரிலும் லோடரிலும் கை வைக்காதீர்கள். கோளாறு விண்டோஸில். வட்டைக் கழற்றி, வெராகிரிப்ட் உள்ள இன்னொரு கணினியில் இணைத்து, 'சிஸ்டம்' மெனுவில் பூட் ஆகும் முன் நடக்கும் சரிபார்ப்பு இல்லாமல் மவுண்ட் செய்யும் தேர்வைப் பயன்படுத்தினால் கோப்புகளை எடுத்துவிடலாம். கழற்ற முடியாத மடிக்கணினி என்றால் ரெஸ்க்யூ டிஸ்க்கால் நிரந்தரமாக டிகிரிப்ட் செய்வது அடுத்த வழி. பெரிய வட்டுக்குப் பல மணி நேரம் ஆகும்; சார்ஜரைச் செருகாமல் தொடங்கக் கூடாது.

செக்டார் நகலிலிருந்து கையால் திருப்பி எழுதும்போது 1 மெபிபைட்டையும் மொத்தமாகக் கொட்டாதீர்கள். இடையில் பார்ட்டிஷன் அளவை மாற்றியிருந்தால் பழைய அட்டவணை வந்து உட்கார்ந்து புதுக் குழப்பம் தொடங்கும். செக்டார் 0இல் முதல் 440 பைட்டை மட்டும் எழுதினால் பூட் கோடு திரும்பும். அடுத்து வரும் வட்டு அடையாள எண்ணும் அட்டவணையும் தொடப்படாது. அந்த அடையாள எண்ணை வைத்துத்தான் எம்பிஆர் விண்டோஸ் தன் வட்டைக் கண்டுபிடிக்கிறது. லோடர் வேண்டுமென்றால் 1 முதல் 61 வரை. ஹெடர் மட்டும் வேண்டுமென்றால் 'டிடி'யில் மூலத்திலும் இலக்கிலும் 62 செக்டார் தாண்டச் சொல்லி, எண்ணிக்கை 1 கொடுங்கள். ஜிபிடி வட்டில் செக்டார் 1 முதல் 33 வரை அட்டவணையின் இடம். அங்கே 'டிடி'யால் எழுதாமல் 'எஸ்ஜிடிஸ்க்' மூலமே திருப்புங்கள்.

விண்டோஸுக்குள்ளிருந்து எடுத்த இமேஜ் பேக்கப்பிலும் ஒரு பொறி உண்டு. அது சி டிரைவை டிகிரிப்ட் ஆன நிலையில்தான் படிக்கிறது. அந்த இமேஜை வட்டில் திருப்பிப் போட்ட பிறகும் முதல் டிராக்கில் வெராகிரிப்ட் லோடர் மிச்சமிருந்தால், அது என்கிரிப்ட் ஆகாத தரவையும் திறக்க முயன்று குப்பையாக்கிக் காட்டும். ரெஸ்க்யூ டிஸ்க்கிலிருந்து அசல் சிஸ்டம் லோடரைத் திருப்பி வைத்தால் விண்டோஸ் எழும். பிறகு புதிதாக என்கிரிப்ட் செய்துகொள்ளலாம்.

வெளி ஹார்டு டிஸ்க்

வெராகிரிப்டின் 'டூல்ஸ்' மெனுவில் வால்யூம் ஹெடரை பேக்கப் எடுக்கும் தேர்வு உண்டு. கோப்பு எப்போதும் 131,072 பைட். மறைவான உள்வால்யூம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அளவு மாறாது, அதனால் கோப்பைப் பார்த்து எதுவும் ஊகிக்க முடியாது. பார்ட்டிஷன் போடாமல் முழு வட்டையே என்கிரிப்ட் செய்தால் விண்டோஸ் அதைக் காலி வட்டு என்று நினைத்து 'இனிஷியலைஸ்' செய்யலாமா என்று கேட்கும். யாராவது சரி என்று தட்டினால் செக்டார் 0இல் உள்ள ஹெடரின் மேல் எழுதிவிடும். கடைசி 128 கேபியின் தொடக்கத்தில் உள்ள நகல் பெரும்பாலும் தப்பும், அதை வைத்து மீட்கலாம். ஆனாலும் பார்ட்டிஷன் போட்டு அதை என்கிரிப்ட் செய்து, விண்டோஸ் கொடுக்கும் டிரைவ் எழுத்தை நீக்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

லினக்ஸில் லக்ஸ்

லக்ஸ் என்பது லினக்ஸின் வட்டு என்கிரிப்ஷன் முறை. அதன் ஹெடர் வட்டின் முதல் செக்டாரில் இல்லை. என்கிரிப்ட் செய்த பார்ட்டிஷனின் தொடக்கத்தில் இருக்கிறது. லக்ஸ்2 வழக்கமாக 16 மெபிபைட் இடம் எடுக்கும். ஹெடரின் விவரப் பகுதிக்கு அங்கேயே ஒரு நகல் உண்டு, ஆனால் ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் பூட்டிய கீ இருக்கும் கீ ஸ்லாட்டுகளுக்கு நகல் கிடையாது. ஒரு கீயை வேண்டுமென்றே 4000 துண்டுகளாகப் பரப்பி எழுதுவதால், சுமார் 250 கேபி இடத்தில் ஒரே ஒரு செக்டார் கெட்டாலும் அந்த ஸ்லாட் முழுதும் செத்துவிடும். பழைய கீயை நிச்சயமாக அழிக்க உதவும் இந்த அமைப்பு விபத்து நேரத்தில் எதிரியாகிவிடுகிறது.

'கிரிப்ட்செட்டப்' கருவியின் 'லக்ஸ்ஹெடர்பேக்கப்' செயலுக்குப் பார்ட்டிஷனின் பெயரையும் இலக்குக் கோப்பையும் கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்காது. எடுத்ததைச் சோதிக்காமல் விடாதீர்கள்: 'ஓபன்' செயலில் ஹெடராக அந்தக் கோப்பைக் காட்டி, பாஸ்வேர்டை மட்டும் சோதிக்கும் தேர்வைச் சேர்த்தால், வட்டில் எதையும் மாற்றாமல் கோப்பு வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். திருப்பி எழுதும்போது எல்லா ஸ்லாட்டும் பழைய நிலைக்குப் போகும்; நீக்கிய பாஸ்வேர்டு உயிர்பெறும், புதிதாகச் சேர்த்தது போய்விடும். 'ரீஎன்கிரிப்ட்' செய்திருந்தால் பழைய ஹெடர் கோப்பு எதற்கும் உதவாது. பூட் பார்ட்டிஷன் தனியாக, என்கிரிப்ட் செய்யாமல் இருந்தால் அதையும், எந்தப் பார்ட்டிஷனைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் 'கிரிப்ட்டேப்' கோப்பையும் சேர்த்து நகலெடுங்கள்.

பிட்லாக்கர்

விண்டோஸின் சொந்த வட்டு என்கிரிப்ஷனான பிட்லாக்கர் தன் விவரப் பகுதியின் மூன்று நகல்களை வால்யூமிலேயே வைத்துக்கொள்வதால் செக்டார் நகல் எடுக்கும் வேலை குறைவு. காக்க வேண்டியது 48 இலக்க மீட்பு எண். 'மேனேஜ்-பிடிஈ' கட்டளையில் பாதுகாப்பு விவரங்களைக் கேட்டால் அது கிடைக்கும். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். கையால் எழுதி வைத்தவர்கள் இப்படியே பிழை பார்க்கலாம். பல கணினிகள் இருந்தால் கீ அடையாளத்தின் முதல் 8 எழுத்துகளையும் சேர்த்துக் குறியுங்கள். மீட்புத் திரை அதைக் காட்டித்தான் எண்ணைக் கேட்கும்.

வட்டே பாதி கெட்ட நிலையில் 'ரிப்பேர்-பிடிஈ' கருவிக்கு மீட்பு எண் மட்டும் போதாமல் போகலாம். அதற்காக 'மேனேஜ்-பிடிஈ'யில் கீ பேக்கேஜையும் கோப்பாக எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்யும் முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள். டிபிஎம் சிப் பூட் நிலையை அளந்து பார்த்துத்தான் கீயைத் தருகிறது. பயாஸ் மாறினால் அளவு மாறும், மறுமுறை பூட் செய்ததும் நீலத் திரையில் அந்த 48 இலக்கத்தைக் கேட்டு நிற்கும்.